தீர்ப்பெழுதிய புத்தகங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ல் முடிந்தது. எல்லைப்புறம் என்று தனியாக வரையத்தக்க கோடு இனி இல்லை என்று 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இவ்விரண்டுக்கும் நடுவிலான கால் நூற்றாண்டில், நாட்டின் மேற்குப் பகுதிகளில் துப்பாக்கியால் பெயரெடுத்தவர்கள் சில டஜன் பேர்தான். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களோ ஒரு நூலகத்தை நிரப்பும். ஜெஸ்ஸி ஜேம்ஸ், பில்லி த கிட், வையாட் ஏர்ப், வைல்ட் பில் ஹிக்காக் ஆகியோரை இந்த வெகுஜன வரலாறுகள் இரண்டு வரிசைகளில் நிறுத்துகின்றன: ஒன்று சட்டத்தை மீறியவர்களின் வரிசை, மற்றது சட்டத்தைக் காத்தவர்களின் வரிசை. சில நூல்கள் கொள்ளையரைத் தூக்கிப் பிடிக்கும், சில ஷெரிஃபை. ஆனால் வரிசைகள் இரண்டுதான் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

ஒருவர் செய்த கொலை குற்றமாகவும், அதே ஊரில் அதே மாதத்தில் இன்னொருவர் செய்த கொலை கடமையாகவும் ஆவது எதனால் என்பது மெய்யியலின் பழைய கேள்விகளில் ஒன்று. வெகுஜன வரலாறு இதற்குக் குணத்தை விடையாகச் சொல்கிறது: நல்லவர் சுட்டால் நீதி, கெட்டவர் சுட்டால் அநீதி. எல்லைப்புறத்தின் நீதிமன்றப் பதிவுகளும் அரசு ஆணைகளும் கடிதங்களும் அவ்வளவு எளிதான விடையைத் தருவதில்லை. அங்கே சட்டமும் நீதியும் பெரும்பாலும் தனித்தனி வீடுகளில் குடியிருந்தன. நீதிமன்றங்கள் தீர்க்காமல் விட்ட வழக்குகளைப் பிற்பாடு புத்தகங்களே தீர்த்தன. அந்தத் தீர்ப்புகள் எப்படி எழுதப்பட்டன என்பதை ஆராயாமல் இந்த மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க முடியாது.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், 1689ல் வெளிவந்த அரசாங்கம் பற்றிய தமது இரண்டாம் ஆய்வில், அரசு தோன்றுவதற்கு முன் ஒவ்வொரு மனிதனும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருந்தான் என்று எழுதினார். அந்நிலையில் மூன்று குறைகளை அவர் கண்டார். எல்லோரும் அறிந்து ஏற்ற நிலையான சட்டம் இல்லை. இருதரப்புக்கும் பொதுவான நீதிபதி இல்லை. தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை இல்லை. இந்த மூன்றையும் பெறவே மனிதர்கள் அரசை அமைக்கிறார்கள் என்பது அவர் வாதம். அமெரிக்க நிலப்பரப்பையே அவர் இந்த ஆதி நிலைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே அரசும் சட்டமும் கொண்ட பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை அந்த எடுத்துக்காட்டு கணக்கில் கொள்ளவில்லை. எல்லைப்புறத்தைப் பற்றி எழுதிய பலரும் பின்னாளில் இந்தச் சித்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: சட்டமில்லாத வெறும் நிலம், அங்கே துப்பாக்கியோடு சட்டத்தைக் கொண்டுவந்த தனிமனிதன்.

நியூ மெக்சிகோ பிரதேசத்தின் லிங்கன் கவுண்டியில் 1878ல் நடந்த சண்டையைப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்காது. அங்கே சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. இருதரப்பு கையிலும் வாரண்டு இருந்தது. லாரன்ஸ் மர்ஃபி தொடங்கி ஜேம்ஸ் டோலன் நடத்திய கடைதான் அந்த வட்டாரத்தின் வணிகத்தையும், ஃபோர்ட் ஸ்டான்டன் ராணுவ முகாமுக்கு மாட்டிறைச்சி வழங்கும் ஒப்பந்தத்தையும் பிடித்து வைத்திருந்தது. லண்டனிலிருந்து வந்த ஜான் டன்ஸ்டால் என்ற 24 வயது இளைஞர், வழக்கறிஞர் அலெக்சாண்டர் மக்ஸ்வீனோடு சேர்ந்து போட்டிக் கடை திறந்தார். மக்ஸ்வீன் மேலிருந்த ஒரு கடன் வழக்கைக் காட்டி டன்ஸ்டாலின் சொத்தையும் ஜப்தி செய்ய உத்தரவு வாங்கப்பட்டது. ஷெரிஃப் வில்லியம் பிரேடி டோலன் தரப்பின் ஆதரவாளர். ஜப்திக்காக அவர் அனுப்பிய ஆயுதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் 1878 பிப்ரவரி 18 அன்று டன்ஸ்டாலை வழியில் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் சட்டப்படி ஷெரிஃபின் ஆட்கள்.

டன்ஸ்டாலின் பண்ணை ஆட்கள் லிங்கன் ஊரின் உள்ளூர் மாஜிஸ்திரேட் ஜான் வில்சனிடம் போனார்கள். அவர் கொலையாளிகளைப் பிடிக்க வாரண்டு கொடுத்தார், பண்ணையின் மேலாளர் டிக் ப்ரூவரைத் தனிக் காவலராக நியமித்தார். ரெகுலேட்டர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட இவர்களில் ஒருவர்தான் ஹென்றி மக்கார்ட்டி, அதாவது பில்லி த கிட். மார்ச் 9 அன்று பிரதேச ஆளுநர் சாமுவேல் ஆக்ஸ்டெல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: மாஜிஸ்திரேட் வில்சனின் நியமனமே செல்லாது. ஆகவே அவர் கொடுத்த வாரண்டுகளும் செல்லாதவை ஆயின. ரெகுலேட்டர்கள் பிடித்து வைத்திருந்த கைதிகள் கொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். முந்தின நாள் வரை சட்டத்தின் ஆட்களாக இருந்தவர்களை ஒரு கையெழுத்து குற்றவாளிகளாக்கியது. அவர்களுடைய குணம் இரவோடு இரவாக மாறிவிடவில்லை. அவர்கள் மேல் சந்தேகமில்லாத குற்றங்களும் உண்டு: ஏப்ரல் 1 அன்று லிங்கனின் தெருவில் மண்சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்து ஷெரிஃப் பிரேடியையும் துணை ஷெரிஃப் ஜார்ஜ் ஹிண்ட்மனையும் கொன்றார்கள். அதை வீரம் என்று எந்த அளவுகோலாலும் சொல்ல முடியாது.

லாக் சொன்ன மூன்றில் லிங்கன் கவுண்டியில் சட்டம் இருந்தது, வலிமை தேவைக்கு மேலேயே இருந்தது. ஜூலையில் மக்ஸ்வீனின் வீடு முற்றுகையிடப்பட்டபோது கர்னல் நேத்தன் டட்லி ராணுவத்தைச் சிறு பீரங்கியோடு ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வீடு எரிந்தது, மக்ஸ்வீன் கொல்லப்பட்டார். இல்லாதது ஒன்றே: இருவருக்கும் பொதுவான நீதிபதி. அந்த ஒன்று இல்லாதபோது சட்டப் புத்தகமும் ஷெரிஃபின் வில்லையும் ஒரு தரப்பின் கைக்கருவிகளாக மாறிவிடுகின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகஸ்டின் எழுதிய ‘கடவுளின் நகரம்’ நூலின் நான்காம் பாகத்தில், பிடிபட்ட கடற்கொள்ளையன் ஒருவன் அலெக்சாண்டரிடம் பேசும் கதை வருகிறது. ஒரு கப்பலை வைத்துச் செய்தால் கொள்ளையன், பெரும்படையை வைத்துச் செய்தால் பேரரசன் என்பது அவன் பதில். நீதியை எடுத்துவிட்டால் அரசுக்கும் கொள்ளைக் கூட்டத்துக்கும் அளவைத் தவிர வேறுபாடு இல்லை என்று அகஸ்டின் அங்கே வாதிடுகிறார். கிறித்தவ உலகின் மிகப் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவர் எழுப்பிய இந்தக் கேள்வி லிங்கன் கவுண்டிக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

இந்தக் கதையில் கிறித்தவம் இன்னொரு வழியிலும் நுழைகிறது. ஆக்ஸ்டெல் நீக்கப்பட்டு 1878 இலையுதிர் காலத்தில் ஆளுநராக வந்த லூ வாலஸ், இயேசுவின் காலத்தைப் பின்னணியாகக் கொண்ட ‘பென்-ஹர்’ நாவலின் ஒரு பகுதியை சாந்தா ஃபே ஆளுநர் மாளிகையில்தான் எழுதினார். பழிவாங்கும் வெறியிலிருந்து மன்னிப்புக்கு வரும் ஒருவனின் கதை அது. நவம்பரில் வாலஸ் அறிவித்த பொது மன்னிப்பு, ஏற்கெனவே குற்றப்பத்திரிகை தாக்கலானவர்களுக்குப் பொருந்தாது. பில்லி அந்தப் பட்டியலில் இருந்தார். 1879 மார்ச்சில் இருவரும் லிங்கனில் இரவில் சந்தித்தார்கள். வேறொரு கொலையைப் பற்றிச் சாட்சி சொன்னால் வழக்கிலிருந்து விடுவிப்பதாக வாலஸ் வாக்களித்தார். பில்லி சாட்சி சொன்னார். அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிடவில்லை, வாலஸும் வாக்கை நிறைவேற்றவில்லை. 1881ல் சாந்தா ஃபே சிறையிலிருந்து பில்லி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஷெரிஃப் பிரேடியின் கொலைக்காக அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இருதரப்பிலும் அத்தனை பேர் கொன்ற அந்தச் சண்டையில் கொலைக்குற்றத் தீர்ப்பு பெற்றவர் அவர் ஒருவரே. ஏப்ரல் 28 அன்று ஜேம்ஸ் பெல், ராபர்ட் ஒலிங்கர் என்ற இரு துணை ஷெரிஃப்களைக் கொன்று தப்பினார். ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில், இருட்டறையில், ஷெரிஃப் பேட் கேரட் அவரைச் சுட்டுக் கொன்றார்.

அடுத்த ஆண்டே கேரட்டின் பெயரில் ‘பில்லி த கிட்டின் மெய்யான வாழ்க்கை’ வெளிவந்தது. அதன் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்தவர் ஆஷ் அப்சன் என்ற முன்னாள் பத்திரிகையாளர். கொன்றவரே கொல்லப்பட்டவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது, ஒரு தரப்பே நீதிபதியாகவும் அமர்வதற்குச் சமம். பில்லி தன் வயதுக்கு ஒருவராக 21 பேரைக் கொன்றார் என்ற கணக்கு தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைக் கொண்டு அவர் தனியாகக் கொன்றதாக உறுதிசெய்வது நான்கு பேரை. கூட்டாகச் செய்தவற்றைச் சேர்த்தாலும் எண்ணிக்கை பத்தைத் தொடுவதில்லை. எண் பெரிதானால் அதை முடித்துவைத்தவரின் புகழும் பெரிதாகும். 1926ல் வால்டர் நோபிள் பர்ன்ஸ் எழுதிய நூல் இதே மனிதரை வஞ்சிக்கப்பட்ட இளைஞராக மாற்றியது. இரண்டு நூல்களும் எதிரெதிர்த் தீர்ப்புகளைச் சொன்னாலும் செய்யும் வேலை ஒன்றே: லிங்கனின் கடைக் கணக்கையும் ஒப்பந்தங்களையும் செல்லாத வாரண்டுகளையும் ஒதுக்கிவிட்டு ஒரு தனிமனிதனின் நெஞ்சுக்குள் முழு விளக்கத்தையும் தேடுகின்றன.

வரலாறு எழுதுவதே தீர்ப்பாகும் இந்த வழக்கம் அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. மொன்டானாவின் பேனக் என்ற தங்கச் சுரங்க ஊரில் 1863ல் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹென்றி பிளம்மர். வழிப்பறிக் கூட்டத்தின் இரகசியத் தலைவர் அவரே என்று முடிவு செய்த தன்னார்வக் காவல் குழு 1864 ஜனவரி 10 அன்று விசாரணை ஏதுமின்றி அவரைத் தூக்கிலிட்டது. அந்தக் குளிர்காலத்தில் அக்குழு தூக்கிலிட்டவர்கள் இருபதுக்கும் மேல். குழுவின் ஆதரவாளரான தாமஸ் டிம்ஸ்டேல் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் இதை உள்ளூர்ப் பத்திரிகையில் தொடராக எழுதினார். 1866ல் அது நூலானது. மொன்டானா பிரதேசத்தில் அச்சான முதல் நூல் அதுவே. ஒரு சமூகத்தின் முதல் புத்தகம், விசாரணையில்லாத் தூக்குகளை நியாயப்படுத்தும் புத்தகமாக அமைந்தது கவனத்துடன் நோக்க வேண்டிய செய்தி. பிளம்மரின் கூட்டம் நூறு பேருக்கு மேல் கொன்றது என்ற டிம்ஸ்டேலின் கூற்றைப் பிற்கால நூல்கள் சோதிக்காமலே எடுத்துக்கொண்டன. குழுவின் முன்னணியில் நின்ற வில்பர் சாண்டர்ஸ் மொன்டானாவின் முதல் செனட்டர்களில் ஒருவரானார். பிளம்மர் குற்றவாளியா என்ற ஐயம் 1980களில்தான் நூல் வடிவில் வலுவாக எழுந்தது. அவர் குற்றவாளியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தன்னைக் குற்றம் சாட்டியவர்களை எதிர்கொண்டு பேசும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. புத்தகமும் அதைத் தரவில்லை.

ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1921ல் வன்முறை பற்றி எழுதிய கட்டுரை இங்கே உதவும். சட்டத்தை உண்டாக்கும் வன்முறை, இருக்கும் சட்டத்தைக் காக்கும் வன்முறை என்று அவர் இரண்டாகப் பிரித்தார். பெருங்குற்றவாளி மீது மக்களுக்கு இரகசிய வியப்பு எழுவது அவன் செயலுக்காக அல்ல, சட்டத்துக்கு வெளியே நிற்கும் வன்முறை தன் இருப்பாலேயே சட்டத்தை அச்சுறுத்துவதால்தான் என்பது அவர் கருத்து. மொன்டானாக் குழு சட்டத்துக்கு வெளியே நின்று சட்டத்தை உண்டாக்கியது. வென்றதால் அது மாநிலத்தை நிறுவியவர்களின் செயலானது. தோற்றிருந்தால் அதே செயல் கூட்டுக்கொலையாகப் பதிவாகியிருக்கும்.

தோற்ற தரப்பும் தன் புத்தகத்தை எழுதிக்கொள்ளும். மிசௌரியின் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கதை அப்படிப்பட்டது. அவர் பிறந்தது 1847ல். அவருடைய தந்தை பாப்டிஸ்ட் போதகர். குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது. உள்நாட்டுப் போரில் தென்தரப்பின் ஒழுங்கற்ற கெரில்லாக் கூட்டங்களில் பதின்ம வயதிலேயே சேர்ந்தார். ‘இரத்தவெறி பில்’ என்று பெயரெடுத்த ஆண்டர்சனின் கூட்டம் 1864 செப்டம்பர் 27 அன்று சென்ட்ரேலியாவில் ரயிலை மறித்து, ஆயுதமின்றி விடுப்பில் சென்ற வடதரப்புச் சிப்பாய்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை இறக்கிக் கொன்றது. ஜெஸ்ஸியின் பள்ளிக்கூடம் அந்தக் கூட்டம்தான். 1869 டிசம்பரில் காலட்டின் வங்கியில் காசாளர் ஜான் ஷீட்ஸ் கொல்லப்பட்டதற்குப் பணம் காரணமல்ல. ஆண்டர்சனைக் கொன்ற போர் அதிகாரி என்று அவரைத் தவறாக எண்ணியே சுட்டார்கள்.

இந்தக் கொலைகளைக் காவியமாக்கியவர் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ். தென்தரப்பு ராணுவத்தில் மேஜராக இருந்து, பின்பு கான்சஸ் சிட்டி டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியரானவர். 1872 செப்டம்பரில் கான்சஸ் சிட்டி பொருட்காட்சியின் நுழைவுச்சீட்டுப் பணம் கொள்ளையடிக்கப்பட்டது. துப்பாக்கிக் குண்டு ஒரு சிறுமியைக் காயப்படுத்தியது. சில நாட்களில் எட்வர்ட்ஸ் அந்தக் கொள்ளையர்களை ஆர்தர் மன்னரின் வட்டமேசை வீரர்களோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். 1877ல் கெரில்லாக்களைப் புகழும் முழு நூலையும் எழுதினார். போரில் தோற்று, வாக்குரிமையில் கட்டுப்பாடுகளைச் சந்தித்த மிசௌரியின் பழைய தென்தரப்பினருக்கு அரசியல் நாயகன் ஒருவன் தேவைப்பட்டான். எட்வர்ட்ஸ் அவனைச் செய்து கொடுத்தார். ஜெஸ்ஸி என்ற பெயரோடு ஒட்டிக்கொண்ட ஏழைப் பங்காளன் கதைக்கும், அடமானக் கடனில் தவித்த விதவைக்கு அவர் பணம் கொடுத்த கதைக்கும் ஆவணச் சான்று எதுவும் இல்லை. டி. ஜே. ஸ்டைல்ஸ் 2002ல் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்த அரசியல் வேரைத் தெளிவாகக் காட்டுகிறது.

எரிக் ஹாப்ஸ்பாம் 1969ல் வெளியிட்ட ‘கொள்ளையர்’ நூல் சமூகக் கொள்ளையர் என்ற கருத்தைப் பரப்பியது: அரசும் நிலவுடைமையாளரும் குற்றவாளி என்று சொல்லும் ஒருவரை, எளிய மக்கள் தங்கள் நீதியின் ஆளாகக் காண்பது. டச்சு மானுடவியலாளர் ஆன்டன் பிளாக் 1972ல் இதை மறுத்தார். கொள்ளையர் பலரும் உடைமையாளரின் பாதுகாப்பில் வாழ்ந்து எளியவரையே அச்சுறுத்தினார்கள் என்றார். ஜெஸ்ஸி விஷயத்தில் பிளாக் பக்கமே ஆதாரம் இருக்கிறது. அவர் யாருக்காகப் போராடியதாகச் சொல்லப்பட்டதோ அந்த ‘மக்கள்’ கூட்டத்தில் மிசௌரியின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இடம்பெறவே இல்லை. 1876 செப்டம்பர் 7 அன்று மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் கொள்ளையடிக்கப் போன வங்கியில் இருந்தது பெரும்பாலும் அந்த ஊராரின் சேமிப்பு. வைப்புத்தொகைக்கு அரசுக் காப்பீடு இல்லாத காலம் அது. பெட்டகத்தைத் திறக்க மறுத்த பொறுப்புக் காசாளர் ஜோசப் லீ ஹேவுட் தலையில் சுடப்பட்டு இறந்தார். தெருவில் நின்ற நிக்கொலஸ் குஸ்டாஃப்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக் குடியேறியும் குண்டடிபட்டு உயிரிழந்தார். வெகுஜன நூல்களில் கொள்ளையரின் குதிரைகளுக்குக்கூடப் பெயர் கிடைக்கும். குஸ்டாஃப்சனுக்கு அரை வரி கிடைப்பதே அரிது.

சட்டத்தின் தரப்பும் இங்கே கறைபடியாமல் நிற்கவில்லை. 1875 ஜனவரியில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்கள் ஜேம்ஸ் குடும்பப் பண்ணைவீட்டுக்குள் எரிபொருள் நிரப்பிய உருளையை வீசினார்கள். அது வெடித்து ஜெஸ்ஸியின் தாயின் மறுமணத்தில் பிறந்த சிறிய தம்பி ஆர்ச்சி இறந்தான், தாய் ஜெரெல்டா ஒரு கையை இழந்தார். 1881ல் ரயில்வே கம்பெனிகளின் பணத்தோடு ஆளுநர் தாமஸ் கிரிட்டன்டன் வெகுமதி அறிவித்தார். 1882 ஏப்ரல் 3 அன்று ஜெஸ்ஸியின் வீட்டிலேயே தங்கியிருந்த பாப் ஃபோர்ட், அவர் ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு சுவரில் இருந்த படத்தைச் சரிசெய்தபோது பின்னாலிருந்து சுட்டார். ஃபோர்டும் உடனிருந்த அவர் சகோதரரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, அன்றே ஆளுநரின் மன்னிப்பும் வந்தது. ஒரே நாளில் அரசு ஒரு செயலைக் கொலை என்றும் சேவை என்றும் சொன்னது. உடன் உண்டவன் காட்டிக்கொடுத்தான் என்ற இந்த முடிவு, விவிலியம் படித்து வளர்ந்த மிசௌரி மக்களுக்கு யூதாசை நினைவூட்டாமல் இருக்க வழியில்லை. பாட்டும் கதையும் அந்த வார்ப்பில் எழுந்தன. காட்டிக்கொடுக்கப்பட்டவர் குற்றமற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்ற உணர்வை சுவிசேஷக் கதையின் வடிவமே கொண்டுவந்து சேர்த்தது. ஷீட்ஸும் ஹேவுட்டும் அதில் கரைந்துபோனார்கள். ஜெஸ்ஸி சாகவில்லை, தப்பிவிட்டார் என்ற கதைகளும் கிளம்பி, 1995ல் உடலைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்யும் வரை நீடித்தன. அடங்கியிருப்பது அவர்தான் என்பதற்கே சோதனை சாதகமாக இருந்தது.

சட்டத்தின் ஆட்களில் மிகவும் கொண்டாடப்பட்டவர் வையாட் ஏர்ப். அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த சண்டை அரை நிமிடம்தான் நீடித்தது. ஏர்ப் சகோதரர்களை எதிர்த்து நின்ற பில்லி கிளான்டன், டாம் மெக்லாரி, ஃபிராங்க் மெக்லாரி இறந்தார்கள். ஓ.கே. கொரால் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் சண்டை அதன் பின்புறத்தில் ஃப்ரீமான்ட் தெருவை ஒட்டிய காலி மனையில் நடந்தது. ஊரில் இரண்டு பத்திரிகைகள் இருந்தன. எபிடாஃப் ஏர்ப் சகோதரர்கள் பக்கம், நக்கெட் ஷெரிஃப் ஜானி பீஹன் பக்கம். மாஜிஸ்திரேட் வெல்ஸ் ஸ்பைசர் ஏறக்குறைய ஒரு மாதம் சாட்சிகளைக் கேட்டார். நகர மார்ஷல் வர்ஜில் ஏர்ப், தன் தம்பி வையாட்டையும் நண்பர் டாக் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தது விவேகமற்ற செயல் என்று கண்டித்தார். ஆனாலும் விசாரணைக்கு அனுப்பப் போதிய ஆதாரம் இல்லை என்று நவம்பர் 30 அன்று விடுவித்தார். இருபக்கச் சாட்சிகளையும் பதிவுசெய்து, செயலையும் விவேகத்தையும் தனித்தனியே எடைபோட்ட அந்தத் தீர்ப்பு, இந்த விஷயத்தைப் பற்றிப் பின்னாளில் வந்த புத்தகங்களில் பலவற்றைவிட நேர்மையானது.

அடுத்து நடந்தவை நேர்மையின் எல்லையைத் தாண்டின. டிசம்பரில் வர்ஜில் சுடப்பட்டுக் கை செயலிழந்தார். 1882 மார்ச் 18 அன்று இன்னொரு தம்பி மார்கன் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து டூசான் ரயில் நிலையத்தில் வையாட்டும் கூட்டாளிகளும் மார்கன் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்டில்வெல்லைச் சுட்டுத் தள்ளினார்கள். அப்போது வையாட் அமெரிக்கத் துணை மார்ஷல். சட்டைப் பையில் வாரண்டுகள் இருந்தன. பின்னால் அவர் மேலேயே கொலை வாரண்டு துரத்தி வந்தது. தம்பியை இழந்தவரின் துயரம் புரிந்துகொள்ளக்கூடியதே. லாக் அஞ்சியதும் இதையேதான்: தன் வழக்கில் தானே நீதிபதியாகிறவரைத் துயரமும் கோபமும் எவ்வளவு தூரத்துக்கு இழுத்துச் செல்லும் என்பதை.

வையாட் 1929 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அவரை நேர்கண்டிருந்த ஸ்டூவர்ட் லேக் 1931ல் ‘வையாட் ஏர்ப்: எல்லைப்புற மார்ஷல்’ என்ற நூலை வெளியிட்டார். பக்கம் பக்கமாக வையாட்டின் வாயில் வைக்கப்பட்ட பேச்சு லேக் இட்டுக்கட்டியது என்பதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நூலைத் தொடர்ந்து திரைப்படங்களும், 1955ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் வந்தன. 1976ல் வையாட்டின் மனைவி ஜோசஃபினின் நினைவுக்குறிப்பு என்று ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்ட நூலின் நம்பகத்தன்மையும் பிற்பாடு தகர்ந்து, பதிப்பகம் அதைக் கைவிட்டது. இறந்தவர் வாயில் சொல்லை வைப்பது பாணி சார்ந்த சிறு சலுகை அல்ல. மறுத்துப் பேச முடியாதவர் மேல் செய்யப்படும் பொய்ச்சாட்சியம் அது. பத்துக் கட்டளைகளில் ஒன்று தடுப்பதும் பொய்ச்சாட்சியத்தையே. பிரெஞ்சு மெய்யியலாளர் பால் ரிக்கர், வரலாறு எழுதுகிறவர் இறந்தோருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று சொன்னார். புனைவெழுத்தாளருக்குக் கிடைக்கும் விடுதலையை அந்தக் கடன் வரலாற்றாசிரியரிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

கதைகள் கதையாகவே நின்றுவிடவும் இல்லை. தாக்க வருபவரிடமிருந்து விலக வழியிருந்தால் விலக வேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய கடமை. 1876ல் ஓஹையோ, 1877ல் இண்டியானா மாநில உச்ச நீதிமன்றங்கள் அதைத் தளர்த்தின. 1921ல் டெக்சஸ் வழக்கு ஒன்றில் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின் வழியாக நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதே திசைக்கு வந்தது. வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் மேக்ஸ்வெல் பிரௌன், இந்தச் சட்ட மாற்றத்தையும் துப்பாக்கி வீரர் கதைகளையும் ஒரே மனப்பாங்கின் இரு முகங்களாகக் கண்டார். அந்தக் கதைகள் காட்டும் அளவுக்குத் தெருச்சண்டை நடந்ததா என்பது வேறு கேள்வி. கான்சஸின் ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகள் மொத்தம் 45 என்று ராபர்ட் டைக்ஸ்ட்ரா கணக்கிட்டார். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அந்த விகிதம் குறைவல்ல என்று பிறர் வாதிட்டதும் ஏற்கத்தக்கதே. எப்படிப் பார்த்தாலும் நண்பகல் தெருவில் இருவர் நேருக்கு நேர் நிற்கும் காட்சி அரிதானது.

எந்த நிலத்தில் இந்தச் சட்டம் நடந்தது என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட்டில் ஹிக்காக்கைச் சுட்டுக் கொன்ற ஜாக் மக்காலை அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர் நீதிமன்றம் விடுதலை செய்தது. யாங்க்டனில் மறுபடி விசாரித்து 1877 மார்ச் 1 அன்று தூக்கிலிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற விதி ஏன் தடுக்கவில்லை? 1868ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி உடன்படிக்கைப்படி அந்த நிலம் சூ மக்களுடையது. எனவே டெட்வுட் நீதிமன்றத்துக்குச் சட்ட அதிகாரமே இல்லை. இந்தத் தர்க்கத்தை ஒரு கொலையாளியைத் தூக்கிலிடப் பயன்படுத்திய அரசு, அதே தர்க்கப்படி ஊரையே காலிசெய்ய முன்வரவில்லை. 1877ல் டெட்வுட் இருந்த மலைகளையே எடுத்துக்கொண்டது.

வரிசைகளில் இடமே கிடைக்காதவர்களும் உண்டு. அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் 1875 முதல் பூர்வகுடிப் பிரதேசத்தில் அமெரிக்கத் துணை மார்ஷலாகப் பல பத்தாண்டுகள் பணிபுரிந்தார். கொலை வழக்கில் தேடப்பட்ட தன் மகனையே கைதுசெய்தார். கடமைக்கும் பாசத்துக்கும் இடையிலான போராட்டத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எல்லைப்புற வரலாற்றில் குறைவு. ஆனால் 1910ல் இறந்த அவரைப் பற்றி ஆர்ட் பர்ட்டன் எழுதிய முழு வரலாறு 2006ல்தான் வந்தது. இடையில் ஏர்ப் பற்றி எத்தனையோ நூல்கள்.

டெக்சஸ் மாநிலக் காவல்படையான ரேஞ்சர்கள் விஷயத்தில் இந்த விடுபடல் இன்னும் கடுமையானது. எல்லைப்புறம் முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகும் அதன் வழக்கங்கள் மெக்சிகோ எல்லையோரம் தொடர்ந்தன. 1918 ஜனவரி 28 அன்று போர்வெனீர் என்ற சிற்றூரில் ரேஞ்சர்களும் உள்ளூர்ப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து, மெக்சிகோ வம்சாவளி ஆண்களும் சிறுவர்களுமாக 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ரேஞ்சர் கம்பெனி கலைக்கப்பட்டது, சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், யார்மேலும் கொலை வழக்கு நடக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஹோசே தோமாஸ் கனாலெஸ் வற்புறுத்தியதால் 1919ல் ரேஞ்சர்களின் செயல்கள் பற்றி விசாரணை நடந்தது. பலர் சாட்சி சொன்னார்கள், படை குறைக்கப்பட்டது. அந்தச் சாட்சியங்களின் பதிவு அச்சாகாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1935ல் வால்டர் பிரெஸ்காட் வெப் எழுதிய ரேஞ்சர்களின் வரலாறு அவர்களை நாகரிகத்தின் காவலராகவே நிறுத்தியது. எல்லையோர மக்களின் நாட்டுப்பாடல்களையும் நினைவுகளையும் கொண்டு அமெரிக்கோ பரேதெஸ் 1958ல் எழுதிய நூல்தான் மறுதரப்பைக் கல்வியுலகுக்குள் கொண்டுவந்தது. கனாலெஸின் விசாரணைப் பதிவும், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் காத்துவந்த வாய்மொழிகளும் சேர்ந்தே இப்போதைய ஆய்வுகளுக்கு அடிப்படையாகியுள்ளன. போர்வெனீர் கொலைகளைக் குறிக்கும் அரசின் வரலாற்றுப் பலகை டெக்சஸில் 2018ல் நிறுவப்பட்டது.